ஹேண்ட்ஹெல்டும் கம்ப்யூட்டர்தான் தம்பி, ஆனாலும் லேப்டாப் வாங்குங்கள்

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தஞ்சாவூருக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் முதலாண்டு முடித்திருக்கிறார். சொந்தமாகக் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. சம்பா நெல் போட்ட பணத்திலிருந்து அப்பா 65,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறார். "எல்லாரும் லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் மெஷினில் (ஹேண்ட்ஹெல்ட்) டெஸ்க்டாப் மோடு இருக்கிறது, கீபோர்டும் மானிட்டரும் மாட்டினால் அதுவே கம்ப்யூட்டர் என்கிறான் என் கூட்டாளி. படிப்புக்கும் ஆச்சு, கேமுக்கும் ஆச்சு. தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து மாமா வருகிறார், அவரிடம் சொன்னால் கொண்டுவந்துவிடுவார். எது சரி அண்ணே?"

லேப்டாப் வாங்குங்கள் தம்பி. பதில் அவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளும். எந்த லேப்டாப், அந்த ஆசையை என்ன செய்வது என்பதையும் சொல்கிறேன்.

நான் கும்பகோணத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். கடை மேஜை இழுப்பறையில் என் சொந்த ஸ்டீம் டெக் கிடக்கிறது, 2023-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, வெயிலில் தெருவே காலியாக இருக்கும் நேரத்தில் அதைக் கையில் எடுத்தால் நாலு மணி டீ வரும்வரை கீழே வைக்க மாட்டேன். அதனால் கேம் என்றாலே பையன் கெட்டுப்போவான் என்று பேசும் கட்சியில் நான் இல்லை. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது.

உங்கள் கூட்டாளி சொன்னதும் பொய் இல்லை. 2022 பிப்ரவரியில் வால்வு நிறுவனம் வெளியிட்ட இந்த டெக் முழுக் கம்ப்யூட்டரேதான். உள்ளே ஏஎம்டி சிப், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. ஓடுவது விண்டோஸ் இல்லை, ஆர்ச் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மேல் கட்டிய ஸ்டீம்ஓஎஸ். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து டெஸ்க்டாப்புக்கு மாறினால் கேடிஇ பிளாஸ்மா என்ற, விண்டோஸ் மாதிரியான திரை வந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் போடலாம், லிப்ரே ஆபீஸ் போடலாம், பைதான் எழுதலாம். விண்டோஸுக்காக எழுதிய கேம்கள் இந்த லினக்ஸில் ஓடுவது புரோட்டான் என்ற மென்பொருளால். 2018-லிருந்து வால்வு அதைச் செப்பனிட்டுக்கொண்டே வருகிறது. இன்னொரு பக்கம் அசுஸ் கம்பெனியின் ஆர்ஓஜி அலை (Ally) என்ற ஹேண்ட்ஹெல்ட். நேராக விண்டோஸ் 11 போட்டே வருகிறது. 2023 ஜூலையில் இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு இறக்கினார்கள். கம்ப்யூட்டரா இல்லையா என்று கேட்டால் இரண்டுமே கம்ப்யூட்டர்தான்.

சிக்கல் அவர் சொன்ன "மாட்டினால்" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. உங்கள் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் பாபநாசத்தில் ரயிலோ பஸ்ஸோ, தஞ்சாவூரில் இறங்கி இன்னொரு பஸ், கல்லூரி, மறுபடி அதே வழியில் வீடு. லேப் முடிந்து கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேர் சேர்ந்து ரிப்போர்ட் தட்டும்போது உங்கள் கம்ப்யூட்டர் எங்கே? டெக் பையில் இருக்கும். மானிட்டர் வீட்டில் அலமாரி மேல் இருக்கும். ப்ளூடூத் கீபோர்டைத் தூக்கிப்போகலாம் என்பீர்கள். ஏழு அங்குலத் திரையைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து இருபது பக்க ரிப்போர்ட் அடிப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்புறம் பணம். ஒரே துளையைப் பல துளையாக்கும் டாக் என்ற பெட்டி இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம், சுமாரான மானிட்டர் ஏழாயிரம் பக்கம், கீபோர்டு மவுஸ் ஆயிரம். டெக்கில் இருப்பது ஒரே ஒரு டைப்-சி துளை. சார்ஜரும் பென்டிரைவும் ஒன்றாக மாட்டவே டாக் வேண்டும். டெக் விலையோடு இவற்றையும் கூட்டினால் உங்கள் 65,000 போதாமல் போகலாம்.

நீங்கள் மெக்கானிக்கல் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். முதலாண்டில் கிராஃபிக்ஸ் ஷீட்டை மினி டிராஃப்டர் வைத்துக் கையால் போட்டிருப்பீர்கள். லேப் ரெக்கார்டும் கையெழுத்துதான். கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டிவிட்டீர்கள் என்றால் அதுதான் காரணம். இரண்டாம் ஆண்டில் அது ஓடாது. கம்ப்யூட்டரில் மெஷின் டிராயிங் வரும், வரைவதற்கு ஆட்டோகேட் வரும், முப்பரிமாண டிசைனுக்குச் சாலிட்வொர்க்ஸ் வரும், பின்னால் டிசைனைச் சோதித்துப் பார்க்க ஆன்சிஸ் வரும். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம். ஆட்டோடெஸ்க் தளத்தில் கல்லூரிச் சான்று காட்டி வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது விண்டோஸிலும் மேக்கிலும்தான் ஓடும், லினக்ஸில் ஓடாது. சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸின் மாணவர் பதிப்பு இரண்டும் விண்டோஸ் மட்டும். கேம்களுக்குப் புரோட்டான் செய்யும் வித்தையை இவற்றுக்கும் செய்யும் என்று நம்பி இறங்க வேண்டாம். ஃப்ரீகேட் என்ற இலவச டிசைன் மென்பொருள் லினக்ஸில் நன்றாக ஓடுகிறது, நானே வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் ஸ்டாஃப் கேட்கிற ஃபைல் அதுவாக இருக்காது.

டெக்கிலேயே விண்டோஸ் போடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம், டிரைவர்களை வால்வே தருகிறது. ஆனால் பட்டனைத் தட்டினால் தூங்கி, மறுபடி தட்டினால் விட்ட இடத்திலேயே கேம் எழுகிற சுகம் ஸ்டீம்ஓஎஸ்ஸின் சுகம். விண்டோஸ் போட்ட அன்றைக்கே அதில் பாதி போய்விடும். அதற்கு அலையே வாங்கிவிடலாமே என்றால், சரி, நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். கடைக்கு வந்த ஒரு அலையில் ஆட்டோகேட் ஏற்றி, சும்மா ஒரு ஃபிளாஞ்ச், அதாவது குழாய்களை இணைக்கும் வட்டத் தகடு, வரைந்து பார்த்தேன். ஆறு போல்ட் துளை, நடுவில் ஒரு பெரிய துளை, அவ்வளவுதான். ஏழு அங்குலத்தில் 1080பி என்பதால் எழுத்து எறும்பு அளவு. எழுத்தைப் பெரிதாக்கினால் மேலே இருக்கும் பட்டன் பட்டை (ரிப்பன்) திரையில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. வலது ஸ்டிக்தான் மவுஸ். துளையின் மையத்தில் கர்சரைக் கொண்டுபோய் வைப்பதற்குள் அது மையத்தைத் தாண்டி ஓடும், திரும்ப இழுத்தால் இந்தப் பக்கம் ஓடும். டிராஃப்டரிலேயே அந்நேரத்துக்கு இரண்டு ஃபிளாஞ்ச் போட்டிருக்கலாம்.

கேமராவும் கிடையாது, டெக்கிலும் இல்லை, அலையிலும் இல்லை. மூன்றாம் ஆண்டில் பிளேஸ்மென்ட் தேர்வுகள் ஆன்லைனில் வரும்போது வெப்கேம் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். பல தேர்வு மென்பொருள்கள் லினக்ஸ் என்றாலே மூடிக்கொள்ளும்.

இன்னொரு சமாச்சாரம், வாங்கிய பிறகுதான் தெரியவரும். ஸ்டீம்ஓஎஸ்ஸில் சிஸ்டம் பகுதி பூட்டியே இருக்கும், படிக்க மட்டும்தான். பூட்டைத் திறந்து ஏதாவது ஏற்றினாலும் அடுத்த பெரிய அப்டேட்டில் அது அழிந்துபோகும். ஃபிளாட்பேக் என்ற தனிப் பெட்டி முறையில் போட்டவை தங்கும். கேம் மெஷினுக்கு இது நல்ல ஏற்பாடு, எவரும் எதையும் கெடுக்க முடியாது. ஆனால் நாளைக்கு வைவா, இன்றைக்குப் பார்த்து ஒரு டூலைக் காணோம் என்றால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

இதையெல்லாம்கூட கெட்டிக்காரப் பையன் சமாளித்துவிடுவான். கம்ப்யூட்டர் சயன்ஸ் பையன்கள் சிலர் டெக்கை வைத்தே ஓட்டுகிறார்கள். என் உண்மையான காரணம் வேறு. சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்து பார்க்கிறவன் கண்ணுக்கு, மாணவன் வாங்கும் மெஷின் எவ்வளவு வேகம் என்பது இரண்டாம் பட்சம். சனிக்கிழமை கெட்டால் திங்கட்கிழமைக்குள், பஸ் போகும் தூரத்தில், அதைச் சரிசெய்ய ஆள் இருக்கிறதா, ஸ்பேர் இருக்கிறதா? அதுதான் முதல் கேள்வி.

லேப்டாப்பில் கெடுகிறவை எனக்கு மனப்பாடம். கீபோர்டு, ஹிஞ்ச், பேட்டரி, சார்ஜிங் பின், டிஸ்ப்ளே. 15.6 அங்குல டிஸ்ப்ளேக்களில் பெரும்பாலானவை 30 பின் கனெக்டரோடு வருபவை. ஒரே பேனல் பல கம்பெனி மாடல்களுக்குப் பொருந்தும். கடையில் எப்போதும் இரண்டு வைத்திருப்பேன், சாயங்காலத்துக்குள் மாட்டிக் கொடுத்துவிடலாம். எஸ்எஸ்டி என்றால் 2280 அளவு, அதாவது 80 மில்லிமீட்டர் நீளம், கும்பகோணத்தில் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும். என்னிடம் இல்லாவிட்டால் தஞ்சாவூர், அங்கும் இல்லாவிட்டால் திருச்சி. பெரிய கம்பெனிகளுக்குத் திருச்சியில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது.

டெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் எட்டு ஸ்க்ரூ, திறப்பது பெரிய வித்தை இல்லை. உள்ளே 2230 அளவு எஸ்எஸ்டி, அதாவது வழக்கமானதன் பாதி நீளம்கூட இல்லை, வெறும் 30 மில்லிமீட்டர். உள்ளூர்க் கடையில் கேட்டால் "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்பார்கள். ஸ்டிக் தேய்ந்து தானாக ஓட ஆரம்பித்தால் மாற்று ஸ்டிக்கை ஆன்லைனில் தேடி வரவழைக்க வேண்டும். பழைய எல்சிடி மாடலில் ஸ்டிக் போர்டே இரண்டு ரகம். மாறி வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். என் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. முதல் தடவை என் டெக்கைத் திறந்தபோது மேதாவி மாதிரி நேராக ஸ்க்ரூவில் கை வைத்தேன். கீழே துளையில் மைக்ரோ எஸ்டி கார்டு செருகியபடியே இருந்தது. பின்மூடியை நெம்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். 256 ஜிபி கார்டு சரிபாதியாக ஒடிந்து, ஒரு துண்டு உள்ளே, ஒரு துண்டு மூடியோடு வெளியே. கார்டை எடுத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று எல்லாக் கையேட்டிலும் முதல் வரியாகப் போட்டிருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் பார்த்தவன் செய்த காரியம் அது. நல்லவேளை, என்னுடையது, வாடிக்கையாளருடையது இல்லை.

மன்னார்குடியிலிருந்து வந்த ஒரு பையன் கதையையும் சொல்ல வேண்டும். கையில் விண்டோஸ் ஹேண்ட்ஹெல்ட், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இறுதியாண்டு புராஜெக்ட் ரிவ்யூவுக்கு ஐந்து நாள். சார்ஜிங் துளை ஆடி ஆடிக் கடைசியில் சார்ஜே ஏறவில்லை. கம்பெனி சர்வீஸில் கேட்டால் அனுப்பி வையுங்கள், மூன்று வாரம் ஆகலாம் என்றிருக்கிறார்கள். வாரன்ட்டி போய்விடுமே என்று தயங்கித் தயங்கி என்னிடம் கொண்டுவந்தார். அந்தப் போர்டுக்கு மாற்றுத் துளை என் கையில் இல்லை, சென்னையிலும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. மெஷின் கிடக்கட்டும், ரிப்போர்ட்டையாவது எடுப்போம் என்று எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டு என் லேப்டாப்பில் மாட்டினேன். விண்டோஸ் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் எழுந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டது. பையன் முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து பார்த்தால் அங்கே பத்திரமாகக் கிடந்தது. ஆனால் அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டு நினைவில் இல்லாமல், ஓடிபி போகும் பழைய நம்பர் அம்மாவின் போனில் இருக்க, அம்மா வயலில் இருக்க, ஒரு மணி நேரம் போனது. ரிப்போர்ட் கிடைத்தது. கூட்டாளியின் லேப்டாப்பில் உட்கார்ந்து முடித்தார். இந்தப் பூட்டு லேப்டாப்பிலும் உண்டு. நீங்கள் எதை வாங்கினாலும் முதல் நாளே அந்தக் கீயை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் மாமா விஷயத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பதால் இந்த யோசனை எல்லாருக்கும் வருகிறது. வால்வு இந்தியாவில் டெக்கை நேரடியாக விற்பதில்லை. 2023 நவம்பரில் ஓஎல்இடி மாடல் வந்தபோது 512 ஜிபி விலை 549 டாலர்; இங்கே இறக்குமதி வியாபாரிகள் அதன் மேல் தங்கள் பங்கை வைத்துத்தான் விற்கிறார்கள். சிங்கப்பூரிலும் வால்வு நேரடியாக விற்பதில்லை, அதனால் மாமா கொண்டுவந்தாலும் மேல்விலை முழுதாக மிச்சமாகாது. வாரன்ட்டி என்று ஒன்றும் இங்கே இருக்காது. கெட்டால் மாமா திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்பி, அவர் அடுத்த முறை ஊர் வரும்வரை காத்திருக்க வேண்டும். மாமாக்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார்கள். இன்னொன்று, பதினெட்டு வயதானவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவர தனிச் சலுகை உண்டு. கேம் கன்சோலை அதிகாரி லேப்டாப் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது மாமாவின் பொதுச் சலுகை வரம்புக்குள் போகும். அந்த வரம்புக்குள்தான் அவர் வீட்டாருக்கு வாங்கிவரும் மற்ற சாமான்களும் இருக்கும். அத்தையிடம் யார் பேசுவது?

நின்டெண்டோ ஸ்விட்ச் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. 2017-இல் வந்ததும் சரி, 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-உம் சரி, கேம் தவிர வேறெதற்கும் ஆகாது. கேமும் ஒன்றொன்றும் பல ஆயிரம்.

இனி எந்த லேப்டாப் என்று பார்ப்போம். இங்கேதான் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஹேண்ட்ஹெல்டுகளுக்குள் இருப்பது வானத்திலிருந்து இறங்கிய சிப் இல்லை. அலையில் இருக்கும் இசட்1 எக்ஸ்ட்ரீம் என்பது லேப்டாப்பில் வரும் ஏஎம்டியின் ரைசன் 7 7840 வகையறாவின் உடன்பிறப்பு. கிராஃபிக்ஸ் பகுதி கிட்டத்தட்ட அதே ரேடியான் 780எம். டெக்கில் 8 கிராஃபிக்ஸ் யூனிட். லேப்டாப்பில் வரும் ரைசன் 7 7735எச்எஸ் எடுத்தால் ரேடியான் 680எம், அதே தலைமுறை, 12 யூனிட். ஆகவே டெக்கில் ஓடும் கேம் இந்த லேப்டாப்பிலும் ஓடும். வால்வின் ஆன்லைன் கேம் கடையான ஸ்டீமில் ஒரு தடவை வாங்கிய கேம் உங்கள் கணக்கோடு இருக்கும்; நாளைக்கு ஹேண்ட்ஹெல்ட் வாங்கினால் அங்கேயும் அதே கேம், பெரும்பாலானவற்றில் விட்ட இடத்திலிருந்தே. தலைகீழாகவும் ஒன்று உண்டு. உங்கள் கல்லூரிக் கூட்டாளிகள் வேலரன்ட் என்ற ஆன்லைன் கேம் ஆடுகிறவர்களாக இருந்தால், அதில் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் விண்டோஸின் அடிமட்டத்தில் போய் உட்காருகிறது, ஸ்டீம்ஓஎஸ்ஸில் வேலரன்ட் ஓடாது. ஃபோர்ட்நைட்டும் அப்படித்தான். சாதாரண லேப்டாப்பில் வேலரன்ட் தாராளமாக ஓடும்.

சிப் பெயரில் ஏமாறாதீர்கள். ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ஸென் என்பது ஏஎம்டி சிப் வடிவமைப்பின் பெயர்; 2 என்றால் பழைய ஸென் 2 தலைமுறை, 3 என்றால் ஸென் 3, 4 என்றால் ஸென் 4. "ரைசன் 5 7520யூ" என்று பெட்டியில் புத்தம்புதுசாகத் தெரியும். உள்ளே பழைய தலைமுறை, கிராஃபிக்ஸ் இரண்டே யூனிட். கடைக்காரர் "7000 சீரிஸ் தம்பி, லேட்டஸ்ட்" என்றுதான் சொல்வார். பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை.

அதைவிட முக்கியம் ரேம். 16 ஜிபி கட்டாயம். அதிலும் ஒரே 8 ஜிபி குச்சி மாட்டி விற்கிற மெஷின்கள்தான் அதிகம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், கிராஃபிக்ஸும் இதே ரேமிலிருந்துதான் தின்கிறது. ஒரு குச்சி என்றால் ஒற்றைத் தடத்தில் வண்டி போகிற மாதிரி. எதிரே ஒன்று வந்தால் இது ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டாவது குச்சி மாட்டினால் இரட்டைத் தடம். கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதனால் வாங்குமுன் "இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா, இல்லை ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒட்டியிருந்தால் 16-க்குக் குறைந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

இதே தொகையில் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு போட்ட கேமிங் லேப்டாப்பும் தள்ளுபடி நேரத்தில் கண்ணில் படும். சாலிட்வொர்க்ஸுக்குக் கொஞ்சம் உதவும், கேமுக்கு நன்றாகவே உதவும். ஆனால் மெஷின் இரண்டேகால் கிலோ, செங்கல் மாதிரி ஒரு அடாப்டர் தனி. அதைச் சுமந்து காலையில் நின்றுகொண்டு தஞ்சாவூர் போகப்போவது நீங்கள். ஹாஸ்டல் பையன் என்றால் வாங்கு என்றிருப்பேன். தினம் போய் வருகிறவருக்கு ஒன்றரை கிலோ சொச்சத்தில் 680எம்மோ 780எம்மோ போதும். மாணவர் படிப்பில் வரும் அசெம்பிளி அளவுக்கு அது தாங்கும்.

கரண்ட் கணக்கையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது எத்தனை ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும், அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அவ்வளவு வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் சாதாரணமாகவே போகும். 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஏறும் லேப்டாப் வீட்டு இன்வெர்ட்டருக்கு ஒரு பாரமே இல்லை. கேமிங் லேப்டாப்பின் 200 வாட் அடாப்டரை மாட்டி விளையாடினால் ஃபேன் நின்றுபோன கோபத்தில் அம்மா வந்து நிற்பார். இந்த ஒரு விஷயத்தில் ஹேண்ட்ஹெல்ட் ஜெயிக்கிறது, டெக்கின் சார்ஜர் வெறும் 45 வாட்.

டேட்டாவும் அப்படியே. பெரிய கேம் ஒன்று 100 ஜிபி. தினம் 2 ஜிபி போன் பிளானில் இறக்கினால் ஐம்பது நாள். ஊரில் ஃபைபர் வந்திருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் கூட்டாளி வீட்டில் ஏற்றி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வாருங்கள், ஸ்டீமில் பேக்கப் எடுத்துப் போடும் வசதி இருக்கிறது.

ஹேண்ட்ஹெல்ட் எப்போது வாங்கலாம் என்று கேட்டால் என் கணக்கு இது. கையில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும்போது. அரசுப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு 2011-லிருந்து அரசு லேப்டாப் கொடுத்தது. நடுவில் நின்றுபோய், 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று மறுபடி அறிவித்தார்கள். கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் டெக் வாங்கவா என்று கேட்டால், வாங்குங்கள், திறந்து காட்டுகிறேன் வாருங்கள் என்பேன். உங்களுடையது தனியார் கல்லூரி, கையில் எதுவும் இல்லை.

இரண்டும் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் ஒரு வழி இருக்கிறது. கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மாதிரி ரீஃபர்பிஷ்டு லேப்டாப் இருபத்தைந்தாயிரம் பக்கம் கிடைக்கிறது. உடம்பு கெட்டி, கீபோர்டு அருமை, ஸ்பேர் எங்கும் கிடைக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது, அதற்குக் கீழே விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கொள்வதில்லை. விண்டோஸ் 10-க்கு ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. திங்க்பேடில் பெரும்பாலான டி480 சரி, டி470 வேண்டாம், வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளை. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டிசைன் கெப்பாசிட்டி 48 என்று இருந்து ஃபுல் சார்ஜ் 25 என்று காட்டினால், புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். மீதிப் பணத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடுங்கள். ஆமாம், திருப்பித்தான். அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு ஹேண்ட்ஹெல்ட் தேடினால் இரண்டுமே அரைகுறையாக முடியும். ஒரு வருஷம் அந்த லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள், செகண்ட் ஹேண்ட் டெக்கைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

படிப்புக் கடன் வாங்கியிருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. வாங்கியிருந்தால், படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டர் செலவையும் அதில் சேர்க்க வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு கிளையில் கேளுங்கள். கடையில் போட்டுத் தரும் 'வட்டியில்லா' தவணைக்கு முன் இதைப் பாருங்கள்; அந்தத் தவணையை எடுத்தால் ரொக்கத் தள்ளுபடி கிடைக்காமல் போவதுதான் பல இடத்தில் அதன் வட்டி.

எப்போது வாங்குவது? தீபாவளி வரைக்கும் காத்திருக்காதீர்கள். மூன்றாம் செமஸ்டர் அதற்குள் பாதி ஓடிவிடும். ஆடித் தள்ளுபடியும் ஆன்லைன் தள்ளுபடியும் ஜூலை ஆகஸ்ட்டில் வரும்போதே எடுத்துவிடுங்கள். ஆனால் வீட்டில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அது குறுவை நடவும் உரமும் கேட்கிற மாதம். அப்பா சம்பா பணம் என்று எடுத்து வைத்தது அப்போது கைமாறிவிடக் கூடும். அப்படி ஆனால் முழுத் தொகைக்காகத் தை வரை நிற்க வேண்டாம், ரீஃபர்பிஷ்டு வழியில் போங்கள்.

இரண்டு மூன்று மாடலாகப் பொறுக்கிக்கொண்டு சிப் எண்ணையும் ரேம் விவரத்தையும் எழுதி அனுப்புங்கள், எது தேறும் என்று சொல்கிறேன். கும்பகோணம் வந்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள். டெக் மேஜையில்தான் இருக்கும், கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கள். இடது ஸ்டிக் லேசாகத் தானே ஓடுகிறது, மாற்று ஸ்டிக் ஆர்டர் போட்டு மூன்று வாரம் ஆகிறது, இன்னும் வரவில்லை.